ஒன்பது மில்லிமீற்றர்

கடனுக்கு வந்த மோட்டார் சைக்கிள் இது.
ஒன்றரை லட்சம் வாங்கிய வெலிங்டன்
காசுக்குப் பதிலாய் இதை உருட்டிவந்து
யோகறஞ்சினி ரீச்சரின் கேற்றில் சாய்த்துவிட்டு
கொழும்பு பஸ் ஏறிவிட்டான்.
பி.எஸ்.ஏ., ஐம்பத்தாறாம் ஆண்டு.
பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக் கல்லாய்க் கிடந்தது.

“ஓடுமா?” என்றா.
“ஓடும். சாமான் இங்கிலாந்திலிருந்து வரவேணும்.
ஒரு வருசம் செல்லும்.”
“எனக்குத் திங்கட்கிழமை குச்சவெளியில் பாடம்.”
எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை.

கந்தளாய் வளைவில் லொறிக்குள் புகுந்த பல்சர் ஒன்று
லிங்கநகரில் பழைய இரும்புக்கு நின்றது.
முன்பக்கம் அப்பளம்.
எஞ்சினில் ஒரு கீறல் இல்லை.
ஐந்து கியரையும் கையால் மாற்றிப் பார்த்தேன்,
ஒவ்வொன்றும் ‘ளொக்’ என்று போய் உட்கார்ந்தது.

பழைய சட்டத்துக்குள் அது நிற்க மறுத்தது.
கீழே நாலு விரல் வெளி,
மேலே தலை தாங்கியில் முட்டியது.
பிஸ்கற் பெட்டி மட்டையில் அளவெடுத்து,
பிறகு கால் அங்குலத் தகட்டில் வெட்டி,
பிழைத்து, மறுபடி மட்டை.
பின்சில்லுப் பல்லிலிருந்து நூல் பிடித்தால்
முன்பல் உள்ளே ஒதுங்கி நின்றது,
ஒன்பது மில்லிமீற்றர்.

கிண்ணியாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
கடைசல்காரன் றவூப் கொஞ்ச நேரம் பேசவில்லை.
“இந்த ஊரில் அந்த அளவைப் போனில் சொல்லாதே.”
பிறகு இருவரும் சிரித்தோம்,
ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர் மட்டும்
சிரிக்கக்கூடிய மாதிரி.
மோதிரம்போல் ஒரு வளையம் கடைந்து
பின்னேர பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான்.
நூல் நேரானது.

பதினைந்து பல் வாங்கி வைத்திருந்தேன்.
ரீச்சர் விடைத்தாள் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டு,
நிலாவெளி றோட்டுக் காற்று எந்த மாதம் எதிர் என்று கேட்டு,
“பதினாலு” என்றா.
பதினாலுதான் சரியென்று
சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும்போது தெரிந்தது.

தொப்பி போட்ட ஒருவர் காரை நிறுத்திப் பார்த்தார்.
பழைய வண்டிகளின் சங்கமாம்.
“ஐயோ, அதன் சத்தத்தைக் கொன்றுவிட்டீரே.”
சத்தத்தில் ஏறி யார் குச்சவெளி போவது?
கேட்கவில்லை. கையில் கிறீஸ் இருந்தது.

பழையதுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.
புதியதுக்கு நேர்மாறு.
குறுக்கே ஒரு தண்டு போட்டு
பிரேக் மிதியை வலத்துக்குக் கடத்தினேன்.
வயரெல்லாம் பன்னிரண்டு வோல்ற்றுக்கு மாறியது,
ஹோர்ன் மட்டும் ஆறிலேயே நின்று
ஆட்டுக்குட்டிபோல் கத்துகிறது.

மைதானத்தைச் சுற்றி வெள்ளோட்டம்.
கோட்டை றோட்டில் மான் ஒன்று நடுவில் நின்றது.
தினமும் இடது காலால் கியர் மாற்றுகிறவன் நான்.
ஆனால் ஓடப் பழகியது ஒரு ஏ.ஜே.எஸ்.ஸில்;
இந்தத் தாங்கியைத் தொடையில் இடுக்கியதும்
கால் அந்தக் காலத்துக்குப் போய்விட்டது.
இடதால் ஓங்கி மிதித்தேன்.
பிரேக் இல்லை. ஒரு கியர் இறங்கி
எஞ்சின் அலறியது, பின்சில்லு இழுபட்டது,
மானுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்.
அது கண்ணை எடுக்காமல்
எதையோ அசைபோட்டுக்கொண்டே நின்றது.

ரீச்சருக்குச் சொன்னேன், கவனம், கால் மாறும் என்று.
“எனக்கு எந்தக் கால் மாறும்?
நான் பழையதை ஓடவே இல்லையே.”
எட்டாவது திங்களில், பட்டனை அமத்தி,
சேலையைச் செருகிக்கொண்டு,
ஒரு பிழையும் விடாமல் போனா.

எஞ்சின் இலக்கம் மாற்றும் படிவத்தில்
‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம்.
பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும் என்று எழுதினா.
கந்தோரில் திருப்பிவிட்டார்கள்.
அதையே சிவப்புப் பேனையால்
மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறா.

கல்லான எஞ்சின் என் வாங்குக்குக் கீழே கிடக்கிறது.
தொப்பிக்காரர் நேற்றும் வந்து குனிந்து பார்த்து,
தடவி, விலை கேட்டார்.
ஒன்றரை லட்சம் என்றேன்.
அப்படித்தான் சொல்லச் சொன்னவ.